ஆடியில் வந்த கம்ப்யூட்டர்

என் ஓரகத்திக்குக் கம்ப்யூட்டர் தை மாதத்தில் வந்தது. எனக்கு ஆடியில் வந்தது. படிக்கிறவர்களுக்கு இது ஒரு விஷயமாகவே தோன்றாது. எனக்கு அப்போது இதைவிடப் பெரிய விஷயம் உலகத்தில் வேறு இருக்கவில்லை.

ஓரகத்தி என்றால் என் கணவருடைய அண்ணனின் மனைவி. வடக்கனந்தலுக்கு வெளியே, எங்கள் கொல்லை நிலத்தை ஒட்டி, ஒரே கட்டடத்தில் இரண்டு வீடு. நடுவில் ஒரு செங்கல் சுவர். அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாங்கள், மாமியார் இரண்டு பக்கமும். கிணறு ஒன்று, மோட்டார் ஒன்று. அவர்கள் மரவள்ளிக்கு ஒரு நாள், எங்கள் மரவள்ளிக்கு ஒரு நாள் என்று முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சினோம். இண்டர்நெட் லைனும் ஒன்றுதான். அதற்கான மோடம் அவர்கள் கூடத்துச் சுவரில் இருந்தது. மூத்தவர் வீடு என்பதால் அங்கேதான் இருக்க வேண்டும் என்று யாரும் யாரையும் கேட்காமலே முடிவாகிவிட்டது. அதுவே எனக்கு ஒரு உறுத்தல்.

அவளுடைய கம்ப்யூட்டர் வந்தது தையில், வளர்பிறையில், ஒரு புதன்கிழமை. காலை ஒன்பதே காலிலிருந்து பத்தே கால் வரை நல்ல நேரம். எனக்கு எப்படி இவ்வளவு துல்லியமாகத் தெரியும் என்றால், அன்றைக்குத் தாம்பாளம் தூக்கியவள் நான். மானிட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, கீபோர்டு மேல் ஒரு முழம் பூ வைத்து, சூடம் காட்டினார்கள். திருஷ்டி சுற்றிய எலுமிச்சம்பழத்தை மாமியார் என் கையில் கொடுத்து முச்சந்தியில் போட்டுவிட்டு வரச் சொன்னார். நான் திரும்பி வருவதற்குள் அவள் சுவிட்சைப் போட்டுவிட்டாள். எல்லோரும் சிரித்த முகமாக நின்றார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும் என் காலண்டரிலிருந்து அன்றைய தாளைக் கிழித்து, மடித்து, பீரோவில் புடவைக்கு அடியில் வைத்தேன்.

மாசி முடிவதற்குள் அவளுக்கு வேலை வந்துவிட்டது. கள்ளக்குறிச்சியில் ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டரில் விவரம் ஏற்றுகிற வேலை. ஒப்பந்த வேலைதான், இருந்தாலும் அரசாங்க வேலை. காலையில் கழுத்தில் நீலப் பட்டையில் அட்டையை மாட்டிக்கொண்டு, கைப்பையோடு, எட்டு மணி பஸ்ஸுக்குப் போவாள். நான் அந்த நேரத்துக்கு மாட்டுக்கொட்டகையில் சாணி அள்ளிக்கொண்டிருப்பேன். போகிறபோது ஒரு புன்னகை செய்வாள் பாருங்கள், அதில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. அதனாலேயே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சாயங்காலம் அவள் திரும்பினால் மாமியார் டீ போட்டுக் கொடுப்பார். எனக்கு எட்டு வருஷத்தில் ஒரு நாள் போட்டுக் கொடுத்ததில்லை. நான் வீட்டிலேயே இருக்கிறேன், நானே போட்டுக்கொள்ளலாம் அல்லவா.

வயிறு எரிந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. சாப்பிட்டால் எரிந்தது, படுத்தால் எரிந்தது, அந்த நீலப் பட்டையைத் துவைத்துக் கொடியில் காயப் போட்டிருப்பதைப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் எரிந்தது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். டைப்பிங்கில் அவளைவிட நான் கெட்டி. இரண்டு பேரும் கள்ளக்குறிச்சியில் ஒரே இன்ஸ்டிடியூட்டில் படித்தவர்கள், வருஷம்தான் வேறு. நான் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஹையர் முடித்தவள். அவள் லோயரோடு நிறுத்திக்கொண்டாள். கீபோர்டைப் பார்க்காமல் நான் அடிப்பேன். அவள் பார்த்துப் பார்த்துத்தான் அடிப்பாள். அப்படியிருக்க அவளுக்கு மட்டும் எப்படி வேலை வந்தது? யோசித்து யோசித்து எனக்குக் கிடைத்த ஒரே பதில் அந்தப் புதன்கிழமைதான். நல்ல நாளில், நல்ல நேரத்தில் பெட்டி வீட்டுக்கு வந்தது, வேலையும் பின்னாலேயே வந்தது. அவளிடம் வேறென்ன இருக்கிறது?

ஆடி பிறந்து ஒரு வாரம் இருக்கும். மலைமேல் ஒரு சுகாதார நிலையத்துக்குக் கம்ப்யூட்டர் இயக்க ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்தது. ஒரே ஓர் இடம். ஆன்லைனில் மட்டும்தான் விண்ணப்பம், கடைசி நாள் ஆடிக்குள்ளேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் ஐந்து மணி. எங்கள் கொல்லையில் நின்றால் கல்வராயன் மலை முழுசாகத் தெரியும். பிறந்ததிலிருந்து பார்க்கிற மலை, அன்றைக்குத்தான் அது எனக்காக நிற்கிற மாதிரி இருந்தது. தினமும் வளைந்து வளைந்து மலையேறிப் போய் வர நிறைய பேர் தயங்குவார்கள். நான் பஸ்ஸில் வாந்தி எடுத்துக்கொண்டாவது போவேன். எனக்கும் கழுத்தில் ஒரு பட்டை வேண்டும். அவ்வளவுதான்.

கம்ப்யூட்டர் வேலைக்கு மனுப் போடுகிறவள் பிரௌசிங் சென்டருக்குப் போய் இன்னொருத்தனை அடித்துக் கொடுக்கச் சொல்வதா? ஓரகத்தி வீட்டுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து போடுவதா? அதற்கு நான் மனுவே போடாமல் இருந்துவிடுவேன். என் பெட்டியில், என் கையால் போட வேண்டும் என்று கணவரைப் பிடித்து உலுக்கினேன். அவரும் கள்ளக்குறிச்சிக்குப் போய், ஆடித் தள்ளுபடியில் ஒன்றைப் பிடித்து, டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

மாமியார் வாசலிலேயே மறித்துவிட்டார். ஆடியில் எவளாவது புதுசாக ஒன்றை ஆரம்பிப்பாளா, அப்படியே ஓரமாக வை, ஆவணி பிறக்கட்டும், பிரிக்கலாம் என்றார். ஆவணி பிறக்கும்போது மனு வாங்குவதை மூடியிருப்பார்கள் என்று நான் கத்தினேன். அவர் கேட்டால்தானே. கடைசியில், நீயே பிரி, நீயே பார்த்துக்கொள், என்னைச் சூடம் காட்டக் கூப்பிடாதே என்று அந்தப் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டார். தையில் வந்த பெட்டிக்கு எலுமிச்சம்பழம் சுற்றினார். ஆடியில் வந்த பெட்டிக்கு முதுகைக் காட்டினார்.

எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். பெரிய பேச்சுப் பேசினாலும் ஆடியில் எதையும் தொடங்கி வளர்ந்த வீட்டுப் பெண் இல்லை நான். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. இப்போது எழுதும்போதும் எனக்கு முகம் சூடாகிறது.

பீரோவைத் திறந்து அந்தக் காலண்டர் தாளை எடுத்தேன். கம்ப்யூட்டரைப் போட்டு, தேதி வைக்கிற இடத்துக்குப் போனேன். தேதியைத் தானே சரிசெய்துகொள்ளும் என்று ஒரு பொத்தான் இருந்தது, அதை அணைத்தேன். பிறகு போன தையின் அந்தப் புதன்கிழமையை வைத்தேன். நேரம் காலை ஒன்பது இருபது. மனிதர்களுக்குத்தான் ஆடி. பெட்டிக்கு என்ன தெரியும்? நாம் என்ன சொல்கிறோமோ அதுதான் அதற்கு நாள். அவள் பெட்டி பிறந்த அதே நாளில், அதே நேரத்தில், என் பெட்டியும் பிறந்தது. தனியாகவே சந்தனம் வைத்தேன், தனியாகவே சூடம் காட்டினேன். அவ்வளவு திருப்தி எனக்குக் கல்யாணத்தில்கூட இல்லை.

சூடம் அணைந்ததும் இணையத்தைத் திறந்தேன். திறக்கவில்லை.

மனுப் போடுகிற தளம் திறக்கவில்லை. செய்தித்தாள் திறக்கவில்லை. எதை அடித்தாலும் ஒரு வெள்ளைப் பக்கம், அதில் ஒரு சிவப்பு முக்கோணம். வைஃபை குறி என்னவோ முழுசாக நின்றது. பெட்டியை அணைத்துப் போட்டேன். வைஃபையை மறக்கச் சொல்லி, மறுபடி பாஸ்வேர்டு அடித்து இணைத்தேன். மாமியார் தூங்குகிற நேரம் பார்த்து அவர்கள் கூடத்துக்குப் போய் மோடத்தைப் பிடுங்கி, நூறு எண்ணி, திரும்பச் செருகினேன். பச்சை விளக்குகள் எல்லாம் ஒழுங்காக எரிந்தன. என் போனில் அதே வைஃபையில் எல்லாம் திறந்தது. மனுகூடத் திறந்தது, ஆனால் சான்றிதழ்களை ஏற்றுகிற இடத்தில் பக்கம் அப்படியே நின்றுபோனது. கம்ப்யூட்டரில்தான் செய்தாக வேண்டும். கம்ப்யூட்டரில்தான் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை, சனிக்கிழமை இரண்டு நாளும் இதே பாடு. ஒவ்வொரு தடவை முயற்சி செய்வதற்கு முன்னாலும் நான் ஒன்று செய்தேன். பெட்டியில் மணி ஓடி நல்ல நேரம் தாண்டியிருக்கும் அல்லவா, அதனால் மறுபடி தேதியைப் புதன்கிழமைக்கே கொண்டுபோய், ஒன்பது இருபது வைத்துவிட்டு, பிள்ளையார் பெயரைச் சொல்லித் தொடங்குவேன். எத்தனை தடவை அந்தப் பெட்டியை அதே காலையில் எழுப்பினேன் என்று கணக்கில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் அந்த வெள்ளைப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று நிதானமாகப் படித்தேன். ஆங்கிலத்தில் இருந்தது. இந்த இணைப்பு பாதுகாப்பானது இல்லை, உங்கள் விவரங்களை யாரோ திருடப் பார்க்கலாம் என்று சொல்லியது. யாரோ. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் கம்ப்யூட்டரில் ஏதோ சமையல் வீடியோ சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. அவர்களுக்குத் திறக்கிறது, என் போனுக்குத் திறக்கிறது, இந்தப் பெட்டிக்கு மட்டும் இல்லை. எந்த மெஷினுக்கு லைனை விடலாம், எதற்கு விடக்கூடாது என்று மோடத்திலேயே வைக்க முடியும் என்று நான் படித்திருந்தேன். அரைகுறையாகப் படித்தவளுக்குச் சந்தேகம் மட்டும் முழுசாக வரும். மோடம் யார் வீட்டில் இருக்கிறது? பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும்? எனக்கு வேலை கிடைத்தால் யாருடைய டீ ஆறிப்போகும்?

கணவரிடம் சொன்னேன். அண்ணியா, சேச்சே என்றார். அந்த சேச்சேதான் என் எரிச்சலுக்கு நெய் ஊற்றியது.

ஞாயிற்றுக்கிழமை பகல் இரண்டு மணி. மூன்று மணி நேரம்தான் மிச்சம். அன்றைக்கு மோட்டார் முறை அவர்களுடையது. கணவரின் அண்ணன் கிணற்றடியில் குழாய் மாற்றிக்கொண்டிருந்தார், மாமியார் வேப்பமரத்தடியில் பயறு புடைத்துக்கொண்டிருந்தார், அவள் துணி அலசிக்கொண்டிருந்தாள். நான் நேராகப் போய் அவள் முன்னால் நின்றேன்.

"ஏங்கா, ஒன் வூட்ல எல்லாம் தெறக்குது, என் வூட்ல மட்டும் ஏன் தெறக்கல? நான் வேலைக்குப் போயிட்டா ஒனக்கு இன்னா கொறஞ்சி பூடும்?"

எட்டு வருஷத்தில் அன்றைக்குத்தான் அவளை 'ங்க' போடாமல் பேசினேன். அதோடு நிறுத்தினேனா? யாரோ திருடுகிறார்கள் என்று கம்ப்யூட்டரே சொல்கிறது, திருட்டுக் கை வைத்திருக்கிறாய், லைனைப் பிடித்துவைத்திருக்கிறாய், நீ லோயர், நான் ஹையர், அது உனக்குத் தாங்கவில்லை என்று என்னென்னவோ சொன்னேன். மாமியார் முறத்தைக் கீழே வைத்துவிட்டார். பக்கத்துக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து நின்று கேட்டார்கள். என் கணவர் என் கையைப் பிடித்தார், உதறினேன்.

கணவரின் அண்ணன் அதிகம் பேசாதவர். குழாயைப் போட்டுவிட்டு எழுந்து கையைத் துடைத்தார். மோடத்தைக் கழற்றி உங்கள் பக்கமே மாட்டிவிடுகிறேன், மோட்டாருக்கும் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அவர் அப்படிச் சொன்னால் சொன்னதுதான். ஒரே கிணறு அன்றைக்கு இரண்டாகியிருக்கும்.

அவள்தான் தடுத்தாள். ஈரக் கையோடு எழுந்து, அவரை இருங்க என்று சொல்லிவிட்டு, என்னைப் பார்த்தாள். கோபம் இருந்ததா என்று தேடினேன். கண் கலங்கியிருந்தது, அவ்வளவுதான்.

"வா, ஒன் பொட்டிய பாக்கலாம்" என்றாள்.

என் நாற்காலியில் உட்கார்ந்தாள். பின்னால் நான், என் கணவர், மாமியார், வாசற்படியில் அவள் கணவர். சற்று முன்தான் நான் கடைசியாக முயற்சி செய்துவிட்டு வந்திருந்தேன். வெள்ளைப் பக்கம் அப்படியே இருந்தது. அவள் அதை மேலிருந்து கீழ்வரை படித்தாள். கீழே மூலையில், கூடுதல் விவரத்துக்கு என்று சாம்பல் நிறத்தில் சின்னதாக ஒரு பட்டன் இருந்தது. இரண்டு நாளாக நான் அதைத் தொடவே இல்லை. கீபோர்டைப் பார்த்துப் பார்த்து அடிக்கிறவள், திரையையும் பார்த்துப் பார்த்துத்தான் படிப்பாள் போலிருக்கிறது. அதை அமுக்கினாள். இன்னும் நாலு வரி விரிந்தது.

உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் தேதி இது, இது சரிதானா என்று அதில் கேட்டிருந்தது. பக்கத்திலேயே தேதி. போன தை, புதன்கிழமை. திரையின் மூலையில் மணி ஒன்பது நாற்பது. வெளியே இரண்டே கால் மணி வெயில்.

அப்புறம் நானே படித்துத் தெரிந்துகொண்டேன். ஒவ்வொரு தளமும் நான் இன்னார்தான் என்று ஒரு சான்றிதழ் காட்டுமாம். அது எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை செல்லும் என்று அதிலேயே இருக்குமாம். நம் பெட்டி தன் தேதியை வைத்து அதைச் சரிபார்க்கும். என் பெட்டி தையிலேயே உட்கார்ந்திருந்தது. சித்திரையிலும் வைகாசியிலும் கொடுத்த சான்றிதழை நீட்டினால், இது இன்னும் பிறக்கவே இல்லையே, நீ திருடன்தான் என்று கதவைச் சாத்திவிட்டது. திருடப் பார்த்தது யாரும் இல்லை. ஒரு நாளைத் திருடியது மட்டும் நான்.

ஆனால் அந்த நிமிஷம் எனக்கு இந்த விளக்கமெல்லாம் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அவள் அந்தத் தேதியைப் பார்த்துவிட்டாள். தன் கம்ப்யூட்டர் வந்த நாள் அவளுக்குத் தெரியாதா? சுட்டியைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது. திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். இப்போது சொல்லப்போகிறாள், களை எடுக்கிற பெண்கள்வரை கேட்கும்படி சொல்லப்போகிறாள் என்று காது இரண்டும் அடைத்துக்கொண்டது.

இன்னாச்சு அண்ணி என்று என் கணவர் கேட்டார்.

"ஒண்ணுமில்ல. கடையிலயே பழைய தேதி வச்சி குடுத்துட்டானுங்க. தேதி தப்பா இருந்தா எதுவும் தெறக்காது" என்றாள்.

மூன்று தடவை சுட்டியை அமுக்கினாள். தேதி ஆடிக்கு வந்தது. தளம் திறந்தது. மாமியார், நல்ல கடைக்காரன் என்று திட்டிக்கொண்டே பயறு புடைக்கப் போனார். கணவரின் அண்ணன் மறுபடி குழாய் மாற்றப் போனார். என் கணவர் கடைக்காரனை உண்டு இல்லை என்று ஆக்குவதாகச் சொல்லிக்கொண்டு வெளியே போனார். மறுநாள் போய் ஆக்கவும் செய்தார். நான் தடுக்கவில்லை.

எல்லோரும் போன பிறகு அவள் நாற்காலியை எனக்கு விட்டு எழுந்தாள். வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எனக்கு வேல வந்தது அந்தப் பொதங்கெழமையால இல்லம்மா. பொட்டி வர்றதுக்கு ஆறு மாசம் முன்னாடியே போட்டுட்டேன். பிரௌசிங் சென்டர்ல. ஆடியில. அத்தைக்குத் தெரிஞ்சா திட்டும்னு யார்கிட்டயும் சொல்லல. நீ போடு, நேரம் ஆவுது."

போட்டேன். பார்க்காமலே அடித்தேன். நாலு மணிக்கு மனு போய்ச் சேர்ந்துவிட்டது. ஒப்புகையில் தேதி பளிச்சென்று ஆடி மாதத்துத் தேதி. கிணறு இன்றைக்கும் ஒன்றுதான்.

வேலை கிடைத்தது. மலைமேல், எனக்கே. அந்தக் காலண்டர் தாளை அடுப்பில் போட்டேன். மாமியாரிடம் இன்றுவரை உண்மையைச் சொல்லவில்லை. கணவரிடமும் சொல்லவில்லை. அவளும் யாரிடமும் சொல்லவில்லை. தீபாவளிக்கு, பொங்கலுக்கு, கோபத்தில், சிரிப்பில், எப்போதாவது வாய்தவறி ஒரு சொல் விழும் என்று காத்திருந்தேன். விழவே இல்லை. அவளிடத்தில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். திரையை அப்படியே வைத்து, ஊரையே கூட்டிவந்து, தேதியை விரலால் தொட்டுக் காட்டியிருப்பேன். அவள் கம்ப்யூட்டர் மேல் இருந்த எரிச்சல் போய்விட்டது, வேலை மேல் இருந்ததும் போய்விட்டது. அவள் இப்படிச் சொல்லாமல் காத்தாளே, அதன் மேல் வந்தது மட்டும் போகவில்லை. இது எனக்கு வராது என்பதால் போகவில்லை.

வேலைக்குப் போன முதல் நாள் இரண்டு பேரும் ஒன்றாக நிறுத்தத்துக்கு நடந்தோம். அவளுக்குக் கள்ளக்குறிச்சி பஸ், எனக்கு எதிர்ப்பக்கம் மலைக்குப் போகிற பஸ். மலை பஸ்ஸில் குமட்டினால் முகர்ந்துகொள்ள என்று ஒரு எலுமிச்சம்பழத்தை என் பையில் போட்டாள். என் பட்டை முறுக்கியிருந்தது, அதை நேராக்கிவிட்டாள். தப்பு பண்ணிட்டேங்கா என்று சொல்லிவிட வேண்டும், இன்றைக்காவது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

அவள் பஸ்தான் முதலில் வந்தது.